முப்பத்தெட்டாவது நிமிடம்

மார்ச் 3, திங்கள்

இன்று அறுபத்தொரு நோட்டீஸ். கபடி லீக் நடக்கிற மாதங்களில் இது சாதாரணம். முந்தின நாள் ஆட்டத்தை எவனாவது டி.வி.க்கு முன்னால் செல்போனை நிறுத்திப் படம்பிடித்து இணையத்தில் போட்டிருப்பான். ஒளிபரப்பு உரிமை வாங்கிய தொலைக்காட்சியின் சார்பில், 'இது எங்கள் சொத்து, எடுத்துவிடு' என்று வீடியோ தளத்துக்கு எழுதுவது என் வேலை. தேடுவதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். தொலைக்காட்சி தயாரித்த படங்களையெல்லாம் அதற்குக் கொடுத்து வைத்திருக்கிறோம். அதே காட்சி வேறெங்காவது தென்பட்டால் சிவப்புக் கட்டம் போட்டுக் காட்டும். நான் ஒருமுறை பார்த்துவிட்டு 'உறுதி' என்ற பொத்தானை அமுக்க வேண்டும். பி.எல். படித்ததற்கு அமுக்க ஒரு பொத்தானாவது கிடைத்ததே.

காலையில் 'செங்குட்டுவன் கபடி' என்ற ஒரே சேனலுக்கு மூன்று நோட்டீஸ் போயிற்று. மூன்று விழுந்தால் ஏழு நாளில் அந்தச் சேனலையே தளம் அழித்துவிடும். அதுவரை அவர்கள் புதிதாக எதையும் போடவும் முடியாது. வீட்டிலிருந்துதான் வேலை. மூன்றாவதை அமுக்கும்போது அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு ஓடினேன். பாதிப் பால் போச்சு. அடுப்பைத் துடைக்கக் கால்மணி நேரம்.

சுகந்தியின் வக்கீல் அனுப்பிய மனு திருச்சியிலிருந்து கூரியரில் வந்தது. நாங்கள் இருவரும் மனமொத்துப் பிரிவதாக ஆறு பக்கம். கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதுமாம். நாலாம் பக்கத்தில் என் அப்பாவின் இனிஷியல் தப்பாக இருக்கிறது. நீதிமன்றத்துக்குப் போகிற தாளில் இதெல்லாம் சின்ன விஷயம் அல்ல. அவளிடம் சொல்ல வேண்டும். உறையை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

நோட்டீஸில் தொடர்புக்கு என் அலுவலக மின்னஞ்சல் முகவரி இருக்கும். அதற்கு வருவதெல்லாம் வசவுதான். என் வம்சத்தையே மூன்று தலைமுறைக்கு இழுத்து எழுதுவார்கள். இன்று அப்படி இல்லாமல் ஒன்று வந்தது.

"வணக்கம் சார். என் பேரு அமிர்தவல்லி. அறந்தாங்கி பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துல சத்துணவு அமைப்பாளரா இருக்கேன். செங்குட்டுவன் என் வீட்டுக்காரர். கல்யாண வீடியோ எடுக்கிறவரு. முகூர்த்தம் இல்லாத நாள்ல கேமராவத் தூக்கிட்டு கபடி எடுக்கப் போயிருவாரு. அவரு தவறி ரெண்டு வருஷம் ஆகுது. நீங்க உங்களுதுன்னு சொல்ற மூணு ஆட்டமும் அவர் கையால எடுத்தது. எப்படி உங்களுதாச்சுன்னு எனக்குப் புரியல."

இன்னும் இருந்தது. கஜா புயலில் கடைக்குள் தண்ணீர் புகுந்து ஹார்டு டிஸ்க் எல்லாம் போய்விட்டதாம். நானூற்றுப் பன்னிரண்டு ஆட்டங்கள் அந்தச் சேனலில் மட்டும்தான் மிச்சம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் நினைவாக ஊரில் போட்டி நடத்துகிறார்கள். சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிற ஊர்க்காரர்கள் பார்க்க அந்தச் சேனலில்தான் நேரலை போக வேண்டும்.

மூன்று வீடியோவையும் எடுத்துப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. சிவநேசன் இப்போது லீக்கில் பெரிய ஆட்டக்காரன். அவன் வளர்ந்த கதையைத் தொலைக்காட்சி இந்த ஜனவரியில் படமாக எடுத்திருக்கிறது. அதில் அவன் பதினேழு வயதில் ஊர் மைதானத்தில் ஆடுகிற காட்சிகள் வருகின்றன. செங்குட்டுவனின் சேனலிலிருந்து கேட்காமல் கொள்ளாமல் எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் படத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தோம். அது போய் அசலையே நகல் என்று பிடித்துக்கொண்டு வந்துவிட்டது. செங்குட்டுவன் அதைப் போட்ட தேதி 2016. நேற்றே திரையில் பளிச்சென்று இருந்தது. பால் பொங்கியிருக்காவிட்டால் பார்த்திருப்பேன்.

நோட்டீஸைத் திரும்பப் பெற ஒரு நிமிடம் போதும். ஆனால் திரும்பப் பெற்றால் அது என் கணக்கில் பிழை. இந்தக் காலாண்டில் ஏற்கெனவே இரண்டு இருக்கிறது. மூன்றாவது வந்தால் இந்த வேலையிலிருந்து மாற்றிப் பயிற்சிக்கு உட்கார வைப்பார்கள். இன்னும் கொஞ்சம் உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது. 'தாங்களே எடுத்ததற்குச் சான்று தேவை. ஆட்டம் நடந்த இடம், நாள், அப்போது உடன் இருந்தவர்கள் பற்றிய விவரம் அனுப்பவும்' என்று எழுதினேன்.

இருபது நிமிடத்தில் பதில் வந்தது. என் வாழ்நாளில் எனக்கு யாரும் இவ்வளவு வேகமாகப் பதில் எழுதியதில்லை.

சாயங்காலம் சுகந்தியிடம் இனிஷியல் விஷயத்தைச் சொன்னேன். வக்கீலைக் கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள். பேனாவால் அடித்துத் திருத்தினால் போதுமாம். நாலு நிமிடம் பேசினோம். அங்கே வெயில் ஆரம்பித்துவிட்டதாம்.

மார்ச் 5, புதன்

அமிர்தவல்லி அம்மாள் அனுப்பிய விவரங்கள் கச்சிதமாக இருக்கின்றன. திடல், கோயில் திருவிழா, பரிசு கொடுத்த அரிசி ஆலைக்காரர் பெயர் எல்லாம் சரி. இதற்கு மேல் எந்தக் கோர்ட்டும் கேட்காது. ஆனாலும் முதல் வீடியோவில் படமெடுக்கிறவரின் குரலுக்குப் பக்கத்தில் ஒரு பெண் குரல் கேட்கிறது. 'தண்ணியக் குடிச்சிட்டு எடுங்க, ஆட்டம் எங்கயும் ஓடிறாது' என்கிறது. அது யார் என்று கேட்டேன். சான்றுதானே.

"அது நான்தான் சார். அவருக்கு வெயில் ஆகாது. தொப்பி போடுங்கன்னா போட மாட்டாரு, கேமரால நிழல் விழுதும்பாரு. அந்த வீடியோல அவரு 'அமிர்தம், செத்த சும்மா இரு'ன்னு சொல்றதும் கேக்கும். அத எடிட்டிங்ல வெட்டுங்கன்னேன். வெட்டல."

கேட்டுப் பார்த்தேன். ஆமாம், சொல்கிறார். கனமான குரல், அதில் கொஞ்சம் சளி. நாலு தடவை கேட்டேன். பிறகு அன்று அவர் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார் என்று எழுதிக் கேட்டேன். ஒரு வீடியோவில் அவருடைய நிழலும் முழங்கையும் தெரிகின்றன. ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சாம்பார் வைத்தேன். ஒரு ஆளுக்குச் சாம்பார் வைக்கிற அளவு எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நாளைக்கும் இதுதான்.

மார்ச் 6, வியாழன்

நாற்பத்தெட்டு நோட்டீஸ். நேற்றுச் சாம்பார். மதியம் வரை கடிதம் இல்லை. மெயில் சர்வரில் கோளாறா என்று எனக்கு நானே ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தேன். உடனே வந்தது.

மூன்று மணிக்கு அமிர்தவல்லி எழுதியிருந்தார். பள்ளிக்கு வாரத்து முட்டை வந்து இறங்கிய நாளாம், அதனால் தாமதம். 'மன்னிக்கவும்' என்று போட்டிருந்தார். சட்டை ஊதாக் கட்டம். தீபாவளிக்கு எடுத்தது, அவருக்குப் பிடிக்கவில்லை, இருந்தாலும் போட்டுக்கொண்டாராம்.

மனுவில் நாங்கள் கல்யாணம் செய்துகொண்ட மண்டபத்தின் பெயரிலும் பிழை இருக்கிறது. சுகந்திக்குச் செய்தி அனுப்பினேன். கூப்பிட்டாள். மூன்று நிமிடம்.

மார்ச் 7, வெள்ளி

மூன்றாவது வீடியோவை இன்று ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பார்த்தேன். கடைசி இரண்டு நிமிடம், இரு பக்கமும் சமப் புள்ளி. சிவநேசன் பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டுகிறான். ஒல்லிப் பையன், காலில் கட்டு. எதிர்ப்பக்கம் ஆறு பேர். முப்பத்தெட்டாவது நிமிடம். அவன் குனிகிற நேரத்தில் கேமரா சட்டென்று இடப்பக்கம் திரும்பிவிடுகிறது. கயிற்றுக்கு வெளியே ஒரு வேப்ப மரம், சில சைக்கிள்கள், தூரத்தில் யாரோ ஒரு பெண் பையோடு நடந்து வருகிறாள். இரைச்சல் காதைப் பிளக்கிறது. கேமரா மறுபடி மைதானத்துக்கு வரும்போது பையனைத் தோளில் தூக்கிவிட்டார்கள். ஜெயித்த பாட்டே வீடியோவில் இல்லை.

தொலைக்காட்சிப் படத்தில் அவன் கோட்டைத் தாண்டுகிற இடத்திலேயே வெட்டியிருந்ததற்கு இதுதான் காரணம். அதற்குப் பிறகு வெட்டி எடுக்க அங்கே எதுவும் இல்லை.

கேமரா ஏன் திரும்பியது என்று எழுதிக் கேட்டேன். படமெடுத்தவருக்கு நெருக்கமானவர்களுக்கு மட்டுமே தெரிந்திருக்கும் விவரம் என்பதால் இது வலுவான சான்றாகும் என்றும் சேர்த்தேன்.

பதில் சாயங்காலம்தான் வந்தது. முழுதாக இங்கே எழுதி வைக்கிறேன்.

"சார், இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. அப்ப எங்களுக்குள்ள சண்டை. நான் நாலு மாசமா எங்க அம்மா வீட்டுல இருந்தேன். அவரு கூப்பிடவும் இல்ல, வரவும் இல்ல. ரோஷக்காரரு. அன்னிக்கி எனக்கு என்னமோ தோணுச்சு, பஸ் ஏறி வந்துட்டேன். வீடு பூட்டிக் கெடந்துச்சு. சரி, மைதானத்துலதான் இருப்பாருன்னு நேரா அங்க போனேன். மரத்துகிட்ட வர்றது நான்தான். அவரு என்னையப் பாத்துட்டாரு. கேமராவும் அவரு கூடயே திரும்பிருச்சு. ஊரே அவர வஞ்சிச்சு, ஜெயிச்ச பாட்ட விட்டுட்டியேடான்னு. நாங்க அதப் பத்திப் பேசிக்கிட்டதே இல்ல. ஆனா அந்த வீடியோவ அவரு அழிக்காம அப்படியே போட்டாரு. இப்ப நான் அத மட்டும்தான் பாப்பேன்.

நாளைக்குள்ள முடிச்சிருவீங்களா சார். ஞாயிறு மூணு மணிக்கு ஆட்டம்."

நாலு மாதம். எங்களுடையது பதினாலு மாதம். இரண்டையும் ஒப்பிடுவதற்கு ஒன்றும் இல்லை. சுகந்தி போனபோது நான் திருச்சிக்குப் போகாததற்குக் காரணம் அப்போது லீக் நடந்துகொண்டிருந்தது. அது முடிந்ததும் வேறு ஏதோ வந்தது.

'விவரங்கள் பரிசீலனையில் உள்ளன' என்று பதில் அனுப்பினேன். பரிசீலிக்க வேண்டியவன் நான்தான்.

மார்ச் 8, சனி

விடுமுறை. துணி துவைத்தேன். அழிந்துவிட்டால் பிறகு பார்க்க முடியாதே என்று சேனலில் உள்ள பழைய ஆட்டங்களில் பதினோரு ஆட்டம் பார்த்தேன். எதிலும் கேமரா திரும்பவில்லை. செங்குட்டுவன் ஒழுங்கான ஒளிப்பதிவாளர்.

மனுவில் பின்கோடும் தப்பு. சுகந்திக்குச் செய்தி அனுப்பினேன். இந்த முறை உடனே கூப்பிட்டாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நிதானமாகப் பேசினாள்.

"நீங்க தப்பு தேடலங்க. நான் கூப்பிடறதுக்கு ஒரு சாக்கு தேடறீங்க. கூப்பிட்டா பேசறதுக்கும் உங்ககிட்ட ஒண்ணும் இல்ல. அங்க வெயிலான்னு கேக்கறீங்க. நான் அந்த வீட்ல இருந்தப்ப ஒரு வார்த்தை கேட்டிருந்தா இந்தப் பேப்பரே வந்திருக்காது. கையெழுத்துப் போட இஷ்டமில்லன்னா அதையாவது வாயத் திறந்து சொல்லுங்க."

பேச்சில் அவளை என்றைக்கும் மிஞ்ச முடிந்ததில்லை. பின்கோடு தப்பு என்பது உண்மை. பழைய வீட்டுப் பின்கோட்டைப் போட்டிருக்கிறார்கள்.

அமிர்தவல்லி இரண்டு முறை எழுதியிருந்தார். இரண்டாவதில் ஒரே வரி. "சார், நாளைக்கு முடியுமா முடியாதான்னு மட்டும் சொல்லுங்க." சனிக்கிழமை அலுவலகம் இல்லை. அலுவலகம் இல்லாத நாளில் மடிக்கணினியைத் திறந்து வேலை பார்த்தால் மெர்லின் ஏன் என்று கேட்பாள். மெர்லின் எங்கள் டீம் லீட், நாகர்கோவில் பெண், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். மடிக்கணினி முழுநாளும் திறந்துதான் இருந்தது. கபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

மூன்று மணிக்குச் சேனலின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நேரலை வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியாதா? வந்துவிடும் என்று எதற்காகப் பார்த்தேனோ.

பழைய வீடியோவின் கீழே ஊர்க்காரர்கள் வந்து எழுத ஆரம்பித்தார்கள். 'அண்ணி, லைவ் இன்னும் வரல.' 'சிங்கப்பூர்ல லீவு போட்டு உக்காந்திருக்கோம்.' 'குட்டுவன் அண்ணன் இருந்திருந்தா இந்நேரம் மூணு ஆட்டம் முடிஞ்சிருக்கும்.' ஒருவர் பாவம், ஐந்து மணி வரைக்கும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 'ஆரம்பிச்சாச்சா' என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாம்.

ஆறு மணிக்குக் கேள்விகள் நின்றன.

இன்று எனக்கு யாரும் எழுதவில்லை. காலையில் வைத்த சோறு அப்படியே இருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

காலை எட்டே காலுக்கு வந்திருந்தது.

"வணக்கம் சார். இன்னிக்கி சாயங்காலம் சேனல் போயிரும்னு தளத்துலேர்ந்து சொல்லிட்டாங்க. ஒண்ணு மட்டும் சொல்லிர்றேன். உங்க நோட்டீஸ்ல என்னென்ன சான்று வேணும்னு பட்டியல் போட்டிருக்கு. முத நாள் அனுப்பினதே போதும்னு எனக்குத் தெரியும். அதுல சட்டை கலரு இல்ல. தண்ணி குடிங்கன்னு சொன்னது யாருங்கிறது இல்ல. தெரிஞ்சுதான் எழுதினேன். அவரு போனதுக்கப்புறம் அவரப் பத்தி ஒருத்தரும் என்கிட்ட இம்புட்டுக் கேட்டதில்ல. செலவு என்ன, கடையை விக்கிறியான்னுதான் கேட்டாங்க. நீங்க கேட்டப்ப எனக்கு நல்லா இருந்துச்சு. உங்களுக்கும் யாரும் இல்லபோலன்னு நெனச்சேன்.

ஆனா நேத்து அவரு பேருல நடந்த ஆட்டத்த எங்க ஊருப் புள்ளைக பாக்க முடியாமப் போச்சு. அத என்னால மறக்க முடியாது சார். இனிமே எழுத மாட்டேன். அழிக்கிறதா இருந்தா அழிச்சிருங்க."

வெட்கமாக இருந்தது. வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஆறு நாள் ஒரு பெண்ணின் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு கதை கேட்டிருக்கிறேன். அதற்குச் சான்று என்று பெயர் வைத்திருக்கிறேன்.

திரும்பப் பெறும் படிவத்தைத் திறந்தேன். மூன்று வீடியோவுக்கும் மூன்று படிவம். கடைசியில் 'காரணம்' என்று ஒரு கட்டம். 'கணினிப் பொருத்தத்தில் நேர்ந்த தவறு' என்று எழுதினேன். அழித்தேன். 'கூடுதல் ஆவணங்களின் அடிப்படையில்' என்று தொடங்கினேன். அதையும் அழித்தேன். கடைசியில் மூன்றிலும் ஒரே வாக்கியத்தை எழுதினேன்: 'இது எங்களுடையது அல்ல. நான்காம் தேதியே எனக்குத் தெரியும்.' தொலைக்காட்சி கேட்காமல் எடுத்த மூன்று காட்சிகளின் நேரத்தையும் சேர்த்துக் குறித்துவிட்டு அனுப்பினேன். மணி ஒன்பது நாற்பது.

பத்தரைக்கு மெர்லின் கூப்பிட்டாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"முதல் நாளே சொல்லியிருந்தா இத சிஸ்டம் தப்புன்னு போட்டு முடிச்சிருப்பேன் சார், உங்க பேர்லயே வந்திருக்காது. இப்ப நீங்களே தெரியும்னு எழுதி வச்சிருக்கீங்க. நான் மேல என்ன சொல்லட்டும்?"

எழுதியதையே சொல் என்றேன். நாளை முதல் நேரடி வேலை இல்லை, பயிற்சி. அதற்குப் பிறகு என்ன என்பதை அவர்கள் சொல்வார்கள்.

பதினோரு மணிக்கு ஃப்ரிட்ஜ் மேலிருந்து உறையை எடுத்தேன். இனிஷியலைப் பேனாவால் திருத்தினேன். மண்டபத்தின் பெயரைத் திருத்தினேன். பின்கோட்டைத் திருத்தினேன். ஆறு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். சுகந்திக்கு ஏதாவது ஒரு வரி எழுதி உள்ளே வைக்கலாமா என்று ஒரு தாளைக் கிழித்தேன். கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் நிறைய இருந்தன. எதற்கும் இனி அவள் பதில் சொல்ல வேண்டியதில்லை. 'வாயைத் திறந்து சொல்லச் சொன்னாய். போக வேண்டாம் என்று பதினாலு மாதத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும். தப்பு என்னுடையது' என்று எழுதி உள்ளே வைத்து ஒட்டினேன்.

மேடவாக்கம் கூட்ரோட்டில் கூரியர் கடை. நாளை மதியம் திருச்சி போய்விடுமாம். திரும்பும்போது உப்பும் பாலும் வாங்கினேன்.

மார்ச் 11, செவ்வாய்

சேனல் இருக்கிறது. நானூற்றுப் பன்னிரண்டும் இருக்கின்றன. அமிர்தவல்லியிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. வராது என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார்.

பயிற்சி வகுப்பு பத்து மணிக்கு. அசலையும் நகலையும் பிரித்தறிவது எப்படி என்று ஒரு பையன் படம் போட்டு விளக்கினான். முதலில் தேதியைப் பார்க்க வேண்டுமாம்.

ஒன்றரைக்குக் கூரியரிலிருந்து குறுஞ்செய்தி: உறை ஒப்படைக்கப்பட்டது, பெற்றவர் சுகந்தி. அதற்குப் பிறகு ஃபோனை மேஜைமேல் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்துவிட்டுச் சாப்பிட்டேன்.

ஆறு மணி வரை அது அடிக்கவில்லை. இரண்டு பேருக்கும் என்னிடமிருந்து வர வேண்டியது வந்து சேர்ந்துவிட்டது.

முப்பத்தெட்டாவது நிமிடத்தை ஒருமுறை பார்த்தேன். அந்தப் பெண் மரத்தடியில் நின்று, பையைக் கீழே வைத்துவிட்டு, கேமராவை நேராகப் பார்க்கிறாள். இவ்வளவு நாள் பார்த்தும் இதைக் கவனிக்கவில்லை. செங்குட்டுவன் ஒரு வார்த்தை பேசவில்லை, திரும்பி மட்டும் பார்த்திருக்கிறார். மூடிவிட்டேன். அது அவர்களுடையது.